கட்டளை வரி கடைநிலை வேலையல்ல

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் படிப்பிக்கிறவர்களிடமும் அதைத் தொழிலாகச் செய்கிறவர்களிடமும் ஒரு கருத்து ஆழமாக வேர்விட்டிருக்கிறது. கட்டளை வரியில் ஒருவர் எழுதுகிற ஆர்கியுமென்ட்களைப் பகுத்தெடுப்பது கடைநிலை வேலை என்பதே அது. அதற்கு லைப்ரரி இருக்கிறது, நாலு வரி எழுதினால் முடிந்தது, மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் உள்ளே இருக்கிறது என்கிறார்கள். இறுதியாண்டுச் செயற்றிட்டமாக ஒரு மாணவி சிறிய டிபக்கர் ஒன்றை எழுத முன்வந்தால், அவளுடைய முன்மொழிவில் பிரேக்பாயின்ட் வைப்பது எப்படி, நினைவகத்தை வாசிப்பது எப்படி என்பவற்றுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். அந்தக் கருவியை எப்படி அழைப்பது என்பதற்கு ஒரு பந்திகூட இருக்காது. இருக்கவேண்டும் என்று மதிப்பிடுகிறவர்களும் கேட்பதில்லை.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். தன் வேலையைத் தானே செய்து முடிக்கும் சாதாரணக் கருவிகளைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. டிபக்கரைப் பொறுத்தவரை இதில் உண்மையே இல்லை.

ஏனென்றால் டிபக்கர் தனியாக ஓடுவதில்லை. இன்னொரு செய்நிரலை ஓடவைத்து அதைக் கவனிப்பதுதான் அதன் தொழில். ஆகவே டிபக்கரை அழைக்கும் ஒரே வரியில் இரண்டு பேருக்கான சொற்கள் கலந்து நிற்கின்றன. சில சொற்கள் டிபக்கருக்கு. மீதி, அது ஓடவைக்கப்போகும் செய்நிரலுக்கு. எந்தச் சொல் யாருக்கு என்று பிரிப்பதுதான் அங்கே முதல் வேலை. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குப் பொதி அனுப்புகிறோம். நடத்துநர் பார்க்கவேண்டியது வெளியே எழுதியிருக்கும் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டுமே. உள்ளே இருக்கும் பட்டியலைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டு அவர் பொதியைப் பிரித்தால், வந்து சேருவது நாம் அனுப்பிய பொதியல்ல.

பிழைதிருத்தம் என்பது பிழையை மீண்டும் உண்டாக்கிப் பார்ப்பதில் தொடங்குகிறது. பயனர் ஒருவர், நான் இப்படி ஓட்டினேன், இந்த இடத்தில் விழுந்தது என்று ஒரு வரியை அனுப்புகிறார். அதே வரியை டிபக்கரின் கீழே ஓட்டும்போது ஒரேயொரு ஆர்கியுமென்ட் வழியில் தொலைந்தாலும், நாம் பார்ப்பது வேறொரு ஓட்டம். அங்கே பிழை தெரியாமல் போனால், பிழை இல்லை என்று முடிவுகட்டிவிடுவோம். அதன்பிறகு பிரேக்பாயின்ட் எவ்வளவு நேர்த்தியாக வேலைசெய்தாலும் பயனில்லை. உள்ளே இருக்கும் அத்தனை கெட்டித்தனமும் இந்த வாசலில் நடக்கும் பிரிப்பை நம்பித்தான் நிற்கிறது.

“லைப்ரரி பார்த்துக்கொள்ளும்” என்பவர்களுக்குப் பைதனில் நடந்ததையே பதிலாக வைக்கலாம். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நம் பிள்ளைகள் கற்கும் மொழி அதுதான். பைதனோடு கூடவே பி.டி.பி. என்ற டிபக்கரும் வருகிறது. நீண்டகாலமாக அது தன் ஆர்கியுமென்ட்களைப் பிரிக்கக் கெட்ஆப்ட் என்ற பழைய, எளிய முறையைப் பயன்படுத்தியது. பைதனில் அந்த முறைக்கு ஒரு குணம் உண்டு. கோடு போட்டுத் தொடங்கும் தெரிவு அல்லாத முதல் சொல்லைக் கண்டதும் அது நின்றுவிடும். பி.டி.பி.யில் அந்த முதல் சொல் ஆராயவேண்டிய கோப்பின் பெயர். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அந்தக் கோப்புக்குரியவை. டிபக்கர் அவற்றைத் தொடாது.

2023இல், 3.13ஆம் பதிப்புக்கான வேலை தொடங்கிய காலத்தில், இந்தப் பழைய முறையை எடுத்துவிட்டு ஆர்க்பார்ஸ் லைப்ரரியை வைத்தார்கள். ஆர்க்பார்ஸ் நல்ல லைப்ரரி. உதவிச் செய்தியைத் தானே எழுதித்தரும், தவறான தெரிவைத் தானே சுட்டிக்காட்டும். ஆனால் அது வரியின் எந்த இடத்தில் தெரிவு வந்தாலும் தன்னுடையதாக இருக்குமோ என்று பார்க்கும். முதல் சொல்லோடு நிற்பது அதன் இயல்பு அல்ல. 2024 ஒக்டோபர் 7ஆம் திகதி 3.13 வெளியானது. கோடு போட்டுத் தொடங்கும் ஆர்கியுமென்ட் எதையும் ஆராயப்படும் செய்நிரலுக்குக் கொடுக்க முடியவில்லை என்ற முறைப்பாடு அதே மாதத்தில் பதிவானது. டிசம்பரில் வந்த 3.13.1இல்தான் அது சரிசெய்யப்பட்டது.

இதை எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். பைதனையே உருவாக்குகிறவர்கள். பயன்படுத்தியதும் அவர்களுடைய மொழியோடு வருகிற லைப்ரரிதான். அது தனக்குச் சொல்லப்பட்டபடி வேலைசெய்தது. எங்கே நிற்கவேண்டும் என்பது மட்டும் அதற்குச் சொல்லப்படவில்லை. அதை மனிதர்தான் யோசித்துச் சொல்லவேண்டும். தெரிந்ததை எடு, தெரியாததை விட்டுவிடு என்ற பாணியில் ஆர்க்பார்ஸை ஓட்டினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது தெரிவுகளின் முன்பாதியை மட்டும் எழுதினாலும் முழுத் தெரிவாக ஏற்றுக்கொள்ளும். ஆராயப்படும் செய்நிரலுக்கென்று நாம் எழுதிய ஒரு சொல், டிபக்கரின் ஏதோ ஒரு நீண்ட தெரிவின் முன்பாதியாக அமைந்துவிட்டால், டிபக்கர் அதை விழுங்கிவிடக்கூடும். பைதனின் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது. லைப்ரரியை இறக்குமதி செய்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர் அந்தப் பக்கத்தை வாசிக்கப்போவதில்லை.

சி மொழியிலும் இதே கதைதான். ஏ.டி. அன்ட் டி. நிறுவனம் 1985இல் டல்லஸில் நடந்த யுனிஃபோரம் மாநாட்டில் கெட்ஆப்ட்டைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்தது. பின்னர் போசிக்ஸ் தரநியமம், “--” என்ற குறியோடு தெரிவுகள் முடிந்துவிடும், அதற்குப் பின்னால் வருபவை எப்படித் தோன்றினாலும் தெரிவுகள் அல்ல என்று விதித்தது. லினக்ஸில் உள்ள குனூ பதிப்பு இதிலிருந்து ஒரு படி விலகி நிற்கிறது. அது வரியில் உள்ள சொற்களைத் தானாகவே இடம்மாற்றி, தெரிவுகளை முன்னுக்கும் மற்றவற்றைப் பின்னுக்கும் கொண்டுபோகும். சாதாரணக் கருவிக்கு இது வசதி. இன்னொரு செய்நிரலை ஓட்டும் கருவிக்கு இது நாசம். உள்ளே இருக்கும் செய்நிரலுக்கென்று எழுதிய “-வி” தெரிவை வெளியே இருக்கும் கருவி எடுத்துக்கொள்ளும். அதே குறிமுறையை மேக் கணினியில் தொகுத்து ஓட்டினால், அங்குள்ள கெட்ஆப்ட் முதல் சொல்லோடு நின்றுவிடுவதால் எல்லாம் சரியாக நடக்கும். இங்கே லினக்ஸில் எழுதி, வெளிநாட்டில் மேக் வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்புகிற இளைஞர், இருவருக்கும் வெவ்வேறு விதமாக ஓடும் கருவியின் முன்னால் விழித்துக்கொண்டு இருப்பார்.

இன்னொரு செய்நிரலை ஓட்டிக் கவனிக்கும் எஸ்ட்ரேஸ் என்ற கருவியின் மூலக்குறிமுறையைத் திறந்துபார்த்தால் இதற்கான தீர்வைக் காணலாம். தெரிவுகளின் எழுத்துகளை அடுக்கிவைத்திருக்கும் சரத்தின் தொடக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கிறது. இடம்மாற்றாதே, முதல் சொல்லைக் கண்டதும் நில் என்பது அதன் பொருள். ஒரேயொரு குறி. அதை வைக்கவேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைக்கு நம் பாடத்திட்டத்தில் இடமில்லை, புள்ளியில்லை என்பதுதான் என் மனவருத்தம்.

நல்ல டிபக்கர்களும் அவற்றை ஒத்த கருவிகளும் இந்த எல்லைக்கோட்டைத் தாமே வகுத்திருக்கின்றன, வெவ்வேறு வழிகளில். வால்கிரைண்ட்டும் எஸ்ட்ரேஸும் செய்நிரலின் பெயரையே எல்லையாக எடுத்துக்கொள்கின்றன. எல்.எல்.டி.பி. “--” குறியை எல்லையாக ஏற்கிறது. ஜி.டி.பி.க்கு “--ஆர்க்ஸ்” என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், செய்நிரலின் பெயரை அடுத்து வரும் சொல்லை அது கோர் கோப்பாகவோ செயல்முறை எண்ணாகவோ புரிந்துகொள்ளும். அந்தச் சொல் ஓர் இலக்கத்தில் தொடங்கினால் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை ஒன்றின் எண் என்று எடுத்து அதோடு இணைய முயலும். அது சரிவராவிட்டால்தான் கோப்பாகத் திறந்துபார்க்கும். இலக்கத்தில் தொடங்கும் பெயருடைய கோர் கோப்பு வைத்திருப்பவர், பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போடவேண்டும் என்று கைநூல் அறிவுறுத்துகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் தொடங்கிய கருவி அது. இத்தனை ஆண்டுகளாகப் பராமரிக்கப்படும் கருவியிலேயே இப்படியொரு விதியைக் கைநூலில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறதென்றால், விடயம் அற்பமானதல்ல.

இனி இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். கறுப்புத் திரையின் காலம் முடிந்துவிட்டது, இப்போது வி.எஸ். கோட் இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் டிபக் தொடங்கிவிடும் என்பார்கள். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஓர் அமைவுக் கோப்பு. அதில் ஆர்கியுமென்ட்களுக்கு ஒரு பட்டியல். தெரிவின் பெயரையும் அதன் பெறுமானத்தையும் நடுவில் இடைவெளி விட்டு ஒரே உறுப்பாக எழுதிவிட்டு, என் செய்நிரல் இதை ஏற்கவில்லையே என்று திணறும் மாணவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். ஷெல் இடைவெளியில் வெட்டிக் கொடுக்கிறது என்பதும், இந்தப் பட்டியலை யாரும் வெட்டுவதில்லை என்பதும் அவர்களுக்கு ஒருபோதும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. என்.பி.எம். வழியாக ஒரு கட்டளையை ஓட்டி அதற்குள் ஒரு தெரிவை அனுப்ப “--” வேண்டும். கியூப்சிடிஎல் மூலம் தொலைவில் உள்ள கொள்கலனுக்குள் கட்டளை ஒன்றை ஓட்டவும் அதே குறி வேண்டும். இவை பழங்காலத்துக் கருவிகள் அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கையில் வருபவை. கட்டளை வரி மறையவில்லை. கருவி கருவியை அழைக்கும் இக்காலத்தில் அது பல அடுக்காகப் பெருகியிருக்கிறது. அடுக்கு கூடக்கூட, எந்தச் சொல் எந்த அடுக்குக்கு என்ற கேள்வியும் கூடுகிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லினக்ஸில் உயர் அதிகாரத்தோடு கட்டளைகளை ஓட்ட உதவும் பிகேஎக்செக் என்ற கருவியில் ப்வின்கிட் எனப்படும் ஓட்டையைக் குவாலிஸ் நிறுவனம் 2022 ஜனவரி 25ஆம் திகதி வெளிப்படுத்தியது. அந்த ஓட்டை இருந்த இடம் ஆர்கியுமென்ட்களைப் பார்வையிடும் சுற்று. எந்த ஆர்கியுமென்டும் இல்லாமல், தன் பெயர்கூட இல்லாமல், ஒரு செய்நிரல் அழைக்கப்படலாம் என்பதை எழுதியவர் எண்ணிப்பார்க்கவில்லை. சுற்று ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி, ஆர்கியுமென்ட் பட்டியலைத் தாண்டி அடுத்திருந்த சூழல் மாறிகளுக்குள் போய்விட்டது. அதைக் கொண்டு சாதாரணப் பயனர் எவரும் நிர்வாகியாகிவிட முடிந்தது. 2009 மே மாதத்திலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்த வரிகள் அங்கேயே கிடந்தன. கடைசியில் லினக்ஸ் கருவே 5.18ஆம் பதிப்பில் வெறுமையான ஆர்கியுமென்ட் பட்டியலோடு செய்நிரலைத் தொடங்கவிடாதபடி மாற்றப்பட்டது. அதற்கு ஓராண்டுக்கு முன், 2021 ஜனவரியில், சூடோவில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டையும் ஆர்கியுமென்ட்டின் கடைசியில் வரும் பின்சாய்கோட்டைக் கையாண்ட விதத்தால் வந்தது. அதன் வயது கிட்டத்தட்டப் பத்தாண்டு. அற்பமான பகுதி என்று கருதப்படும் குறிமுறையை யாரும் திரும்பி வாசிப்பதில்லை. அதனால்தான் இவை இவ்வளவு காலம் வாழ்ந்தன என்று நான் நம்புகிறேன்.

மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் வருத்துவது. கட்டளை வரி எப்படியும் ஆங்கிலம்தானே, தமிழுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், தமிழ் என்றால் பட்டிப் பெயர்களை மொழிபெயர்த்தால் போதும் என்பது அந்த வாதம். யாழ்ப்பாணத்திலிருந்து இப்படிச் சொல்லக்கூடாது. நம்மிடம் தமிழில் பெயரிட்ட கோப்புகள் இருக்கின்றன. பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தும் வேலை இங்கே பெரிதாக நடக்கிறது. நூலகம் எண்ணிம நூலகம் 2005 முதல் அதைச் செய்துவருகிறது. எழுத்துணரிகள், எழுத்துரு மாற்றிகள், சொல்தேடும் கருவிகள் எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் ஆர்கியுமென்டாகப் போகும். அந்தக் கருவிகளில் பிழை வந்தால் டிபக்கர் வழியாகவும் அதே தமிழ்ச் சொல் போகவேண்டும்.

அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். யாழ்ப்பாணம் என்ற சொல் யுனிகோடில் 11 குறிகள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட்டு. மொத்தம் 33 பைட்டு. லினக்ஸ் கரு இதை வெறும் பைட்டுகளாகவே கடத்துகிறது. அதில் சிக்கல் இல்லை. சிக்கல் பகுக்கும் இடத்தில் வருகிறது. சி மொழியின் கெட்ஆப்ட் ஒரு குறுந்தெரிவை ஒரு பைட்டு என்றே எண்ணுகிறது. ஒரு மாணவர் ஆசையோடு “-த” என்று தொடர்வதற்கு ஒரு தெரிவு வைத்தால், கெட்ஆப்ட் அதை மூன்று தனித்தனித் தெரிவுகளாகக் காணும். தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட்டு ஒன்றே என்பதால், “-த”வையும் “-ந”வையும் அந்த முதல் பைட்டைக் கொண்டு வேறுபடுத்தவும் வழியில்லை. “--தொடர்” என்ற நீண்ட தெரிவு வேலைசெய்யும், ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தொ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தொ என்ற எழுத்து முழுவதும் பைட்டில் ஒரு விதத்தில் 6, மற்ற விதத்தில் 9. பைட்டைப் பைட்டோடு ஒப்பிடும் கருவி, இப்படியொரு தெரிவு இல்லை என்று சொல்லிவிடும். பயனர் தான் எழுதியதையே திரும்பத் திரும்பப் பார்த்து ஒன்றும் விளங்காமல் நிற்பார்.

இதற்கு யுனிகோட் இயல்பாக்கம் என்ற வழி இருக்கிறது. இரண்டு வடிவத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து பிறகு ஒப்பிடவேண்டும். ஆனால் டிபக்கர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சொல்லுக்கும் செய்தால், ஆராயப்படும் செய்நிரலுக்குப் போகவேண்டிய கோப்புப் பெயரின் பைட்டுகள் மாறிவிடும். அந்தப் பெயரில் கோப்பு இருக்காது. தனக்குரிய சொற்களை இயல்பாக்கவேண்டும், மற்றவருக்குரியவற்றை ஒரு பைட்டும் மாற்றாமல் கடத்தவேண்டும். அதைச் செய்யவேண்டுமானால் எந்தச் சொல் யாருக்கு என்பது அதற்கு முன்பே தீர்மானமாகியிருக்கவேண்டும். தமிழைச் சரியாகக் கையாளுவதும் எல்லையைச் சரியாக வகுப்பதும் இங்கே ஒரே வேலையாகிவிடுகின்றன.

நம் வீடுகளிலும் ரியூசன் நிலையங்களிலும் இருக்கும் கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ். அங்கே நிலைமை இன்னும் மோசம். விண்டோஸில் பழைய முறைக் குறிப்பக்கங்கள் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் ரஷ்யனுக்கும் உண்டு. தமிழுக்கு அப்படிக் கணினியின் இயல்புக் குறிப்பக்கமாக அமைக்கக்கூடியது ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே பழைய முறையில் ஆர்கியுமென்ட்களை வாங்கும் ஒரு சி செய்நிரலுக்குத் தமிழ்ப் பெயர் போய்ச் சேரும்போது எழுத்துகளெல்லாம் கேள்விக்குறிகளாகியிருக்கும். கேள்விக்குறியோ அங்கே எந்த எழுத்துக்கும் பொருந்தும் பதிலிக் குறி. கோப்பு கிடைக்காமல் போவது நல்ல விளைவு. வேறு கோப்புகளோடு பொருந்திப்போவது கெட்ட விளைவு. அகல எழுத்து முறையில் வாங்கினாலோ, விண்டோஸ் 10இன் 1903ஆம் பதிப்போடு வந்த வசதியின்படி யுடிஎஃப்-8ஐச் செய்நிரலின் குறிப்பக்கமாக அறிவித்தாலோ இது தீரும். இரண்டுமே ஆர்கியுமென்ட் பகுக்கும் இடத்தைப் பற்றி யோசிக்கிறவருக்கு மட்டும் தோன்றும் தீர்வுகள்.

குறிப்பக்க மாற்றம் வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் 2024 ஜூனில் பி.எச்.பி.யில் வெளியான ஓட்டையை நினைத்துப்பார்க்கவேண்டும். சீன, ஜப்பானியக் குறிப்பக்கங்களில் இயங்கும் விண்டோஸ், மென்கோடு எனப்படும் ஓர் எழுத்தைச் சாதாரணக் கோடாக மாற்றிவிடுகிறது. 2012இல் கோட்டைத் தடுத்து அடைத்திருந்த பழைய ஓட்டை, அந்த மாற்றத்தின் வழியாக மீண்டும் திறந்துகொண்டது. ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதிய பகுப்பு, வேறு மொழி பேசுகிறவர்களின் கணினிகளில் தாக்குதலுக்கு வழிவிட்டது.

பாமினியை இங்கே மறக்கமுடியாது. யாழ்ப்பாணத்தின் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சான பிரதிகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. பாமினி ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கிறது. மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளிக்கு அது எடுத்துக்கொண்ட இடம் அரைப்புள்ளி. பாமினிப் பிரதிகளில் யாழ்ப்பாணம் என்ற சொல்லைத் தேடவோ மாற்றவோ ஒருவர் கருவி எழுதினால், அந்தச் சொல்லைப் பாமினி வடிவிலேயே ஆர்கியுமென்டாகக் கொடுக்கவேண்டியிருக்கும். அதில் மூன்று மெய்யெழுத்து. ஆகவே மூன்று அரைப்புள்ளி. யுனிக்ஸ் ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது. மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் செய்நிரலுக்கு ‘யாழ’ வரைதான் போய்ச் சேரும். மீதி இரண்டு துண்டுகளையும் ஷெல் தனிக் கட்டளைகளாக ஓட்டப்பார்க்கும்.

ஜி.டி.பி. தான் ஆராயும் செய்நிரலை வழமையாக ஒரு ஷெல் வழியாகவே தொடங்குகிறது. “--ஆர்க்ஸ்” மூலம் வந்த சொற்களில் உள்ள அரைப்புள்ளி, நட்சத்திரம், இடைவெளி முதலான சிறப்புக் குறிகளுக்கெல்லாம் அது முதலில் காப்புப் போடுகிறது. ஷெல் அவற்றை அவிழ்க்கும்போது முதலில் இருந்த சொல்லே மீண்டும் வந்து நிற்கும். தாங்கள் கேள்விப்பட்டே இராத ஓர் எழுத்துருவின் புள்ளிகளை அந்தக் கருவியின் ஆசிரியர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள், பகுக்கும் வேலையை மதித்ததால். நம் மாணவர் எழுதும் டிபக்கரோ பெரும்பாலும் சொற்களையெல்லாம் ஒரு சரமாக ஒட்டி ஷெல்லிடம் கொடுத்துவிடும். யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட கருவி யாழ்ப்பாணம் என்ற சொல்லில் உடையும்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நான் அறிவேன். செயற்றிட்டத்துக்கு இருக்கும் காலம் குறைவு. நேர்முகத் தேர்வில் யாரும் இதைக் கேட்கமாட்டார்கள். நிறுவனங்கள் பார்ப்பது திரையில் தெரிவதை. தன் வேலையைத் தானே செய்து முடிக்கும் ஒரு கருவிக்கு ஆர்க்பார்ஸைக் கூப்பிட்டுவிட்டு மேலே போவது முழுக்கச் சரி. அங்கே கையால் பகுப்பு எழுதச் சொல்கிறவருடைய பக்கம் நான் இல்லை. டிபக்கரிலும் லைப்ரரியைப் பயன்படுத்தத்தான் வேண்டும். நான் கேட்பது, அதைக் கூப்பிடுவதற்கு முன் எல்லை எங்கே என்று ஒரு பந்தியில் எழுதிவைக்கவேண்டும் என்பதே. அந்தப் பந்தியை எழுத அதிக நேரம் தேவையில்லை. அதை எழுதாததால் பைதன் 3.13.1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது போல நம் பயனர்களையும் காத்திருக்க வைக்கிறோம்.

செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் என்பவர்களும் இருக்கிறார்கள். எழுதித்தரும், ஒழுங்காகவும் எழுதும். ஆனால் டிபக்கர் ஒன்றுக்கு ஆர்கியுமென்ட் பகுத்துத் தா என்று மட்டும் கேட்டால், இணையத்தில் மிகுதியாகக் காணப்படும் வடிவத்தைத்தான் அது முதலில் தரக்கூடும். அது பெரும்பாலும் தனியாக ஓடும் கருவிகளின் வடிவம். ஆராயப்படும் செய்நிரலின் பெயரோடு நில், அதற்குப் பின்னுள்ளதைத் தொடாதே, ஷெல்லைக் கூப்பிடாதே, பைட்டை மாற்றாதே என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அதனிடமிருந்து சரியான குறிமுறையை வாங்கவும், வந்தது சரியா என்று பார்க்கவும் முடியும்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் இனி டிபக்கர், டிரேசர், ப்ரொஃபைலர் என்று எதைச் செயற்றிட்டமாக எடுத்தாலும் மதிப்பீட்டில் இந்தச் சோதனையைச் சேர்க்கவேண்டும் என்று கேட்கிறேன். தனக்கு வந்த ஆர்கியுமென்ட் ஒவ்வொன்றின் பைட்டுகளையும் வரிக்கு ஒன்றாக அச்சிடும் மிகச் சிறிய செய்நிரல் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கொடுக்கும் சொற்களில் டிபக்கரின் தெரிவு ஒன்றை ஒத்த சொல் ஒன்று இருக்கட்டும்; வெறுமையான சரம் ஒன்று, இடைவெளியுள்ள பெயர் ஒன்று, கோட்டில் தொடங்கும் கோப்புப் பெயர் ஒன்று, ஒகரம் இருவிதமாகவும் எழுதப்பட்ட தமிழ்ச் சொல் ஒன்று, அரைப்புள்ளிகளோடு பாமினிச் சொல் ஒன்று, “--” குறியும் ஒன்று. அந்தச் செய்நிரலை முதலில் நேரடியாக ஓட்டி வெளியீட்டைச் சேமியுங்கள். பிறகு மாணவருடைய கருவியின் கீழே ஓட்டிச் சேமியுங்கள். இரண்டையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டால் திரையில் ஒரு வரியும் வரக்கூடாது. வந்தால், அந்தக் கருவியின் பிரேக்பாயின்ட்களுக்குப் புள்ளி போடுவதற்கு முன் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.